ஒரு நாள் முன்தேதி போட்ட ராஜா: ஏழாம் ஹென்றியின் கதை

ராஜா ராணி கதைன்னா நமக்கு உடனே ஞாபகத்துக்கு வர்றது போர், வாள், குதிரை. இன்னைக்கு நாம பார்க்கப்போற ராஜாவும் ஒரு போரில் ஜெயிச்சுத்தான் கிரீடத்தை எடுத்தார். ஆனால் ஜெயிச்ச கையோட அவர் செஞ்ச முக்கியமான வேலை ஒரு தேதியை மாத்தினதுதான்.

1485 ஆகஸ்ட் 22. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் போஸ்வொர்த் என்ற இடம். அன்று காலை இங்கிலாந்தின் ராஜா மூன்றாம் ரிச்சர்ட். எதிரில் நின்றவர் ஹென்றி டியூடர். வயது 28, அதில் பாதியை வெளிநாட்டில் அகதியாகக் கழித்தவர். சில மணி நேரத்தில் ரிச்சர்ட் களத்திலேயே கொல்லப்பட்டார். ஹென்றி, ஏழாம் ஹென்றி ஆனார்.

அப்படின்னா அவருடைய ஆட்சி எந்தத் தேதியில் தொடங்கியிருக்கணும்? ஆகஸ்ட் 22 தானே? அவர் ஆகஸ்ட் 21 என்று போட்டார். போருக்கு முந்தைய நாள்.

ஏன் இந்த ஒரு நாள்? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 22ஆம் தேதி காலையில் ரிச்சர்டுக்காகப் போரிட்டவர்கள் எல்லாம், முறையாக முடிசூட்டப்பட்ட ராஜாவுக்காகச் சண்டை போட்டவர்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் 21ஆம் தேதியே ஹென்றிதான் ராஜா என்றால்? அத்தனை பேரும் தேசத் துரோகிகள் ஆகிவிடுவார்கள். துரோகியின் நிலத்தை ராஜா எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு தேதியை மாற்றி எதிரிகளின் சொத்தையெல்லாம் தன் பிடிக்குள் கொண்டுவந்துவிட்டார் மனுஷன்.

ஆறு கல்யாணம் செய்த எட்டாம் ஹென்றியை நிறையப் பேருக்குத் தெரியும். இவர் அவருடைய அப்பா. மகன் அளவுக்கு இவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் டியூடர் வம்சம் என்ற ஒன்றே இவரால்தான் வந்தது. அதுவும் சிம்மாசனத்தின் மேல் இவருக்கு இருந்த உரிமை ரொம்ப ரொம்பப் பலவீனமாக இருந்தபோது.

உரிமை எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் அப்போது அரச குடும்பமே இரண்டாகப் பிரிந்து முப்பது வருடமாக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் லான்காஸ்டர், இன்னொரு பக்கம் யார்க். இரண்டுமே மூன்றாம் எட்வர்ட் ராஜாவின் வாரிசுகள். பங்காளிச் சண்டைதான். இதற்குத்தான் பின்னாளில் 'ரோஜாக்களின் போர்' என்று பெயர் வந்தது.

ஹென்றி லான்காஸ்டர் பக்கம். ஆனால் நேரடி வாரிசு இல்லை. அப்பா எட்மண்ட் டியூடர், வேல்ஸ் வம்சாவளி. அந்த வழியில் இங்கிலாந்து அரச ரத்தமே கிடையாது. ஹென்றியின் பாட்டி, ஐந்தாம் ஹென்றி ராஜாவின் விதவை. கணவர் இறந்த பிறகு ஓவன் டியூடர் என்ற அரண்மனை ஊழியருடன் வாழ்ந்தார். அவர்களுக்குப் பிறந்தவர்தான் எட்மண்ட்.

அம்மா மார்கரெட் போஃபோர்ட் வழியில்தான் அரச ரத்தம் வருகிறது. அதிலும் ஒரு சிக்கல். மூன்றாம் எட்வர்டின் மகன் ஜான் ஆஃப் கான்ட், தன் காதலி கேத்தரின் ஸ்வின்ஃபோர்டிடம் பெற்ற பிள்ளைகளின் வம்சம் அது. பிள்ளைகள் பிறந்த பிறகுதான் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. 1397இல் அந்தப் பிள்ளைகள் சட்டபூர்வமானவர்கள் என்று நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் 1407இல் அப்போதைய ராஜா ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்: எல்லா உரிமையும் உண்டு, ராஜபதவி மட்டும் கிடையாது.

ஆக, ஹென்றிக்கு உரிமை வந்த அந்த ஒரே வழியிலும் 'இங்கே நுழையாதே' என்று போர்டு மாட்டியிருந்தது.

பிறப்பும் சுலபமானதாக இல்லை. 1457 ஜனவரியில் வேல்ஸின் பெம்புரோக் கோட்டையில் ஹென்றி பிறந்தபோது அம்மாவுக்கு வயது 13. அப்பா இறந்து சுமார் மூன்று மாதம் ஆகியிருந்தது. எதிரிகளின் சிறையில் கொள்ளை நோய் அவரைக் கொண்டுபோயிருந்தது. மார்கரெட்டுக்கு அதன் பிறகு குழந்தையே பிறக்கவில்லை. அந்த ஒரே மகனுக்காக அவர் வாழ்நாள் முழுக்கக் காய் நகர்த்திக்கொண்டே இருந்தார்.

பதினான்கு வருட அஞ்ஞாதவாசம்

1471இல் லான்காஸ்டர் பக்கம் அடியோடு தோற்றது. இளவரசர் போரில் செத்தார். அவருடைய அப்பா ஆறாம் ஹென்றி ராஜா, லண்டன் டவர் கோட்டைச் சிறையில் உயிரிழந்தார். நேரடி வாரிசுகள் யாரும் மிச்சமில்லை. திடீரென்று, எங்கோ ஓரத்தில் இருந்த 14 வயதுப் பையன் லான்காஸ்டர் தரப்பின் கடைசி நம்பிக்கை ஆகிவிட்டான். யார்க் தரப்புக்கோ, முடிக்க வேண்டிய கடைசிக் கணக்கு.

சித்தப்பா ஜாஸ்பர் அவனைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். போய்ச் சேர்ந்த இடம் பிரிட்டனி. பிரிட்டன் இல்லைங்க, பிரிட்டனி. இன்றைய பிரான்ஸின் வடமேற்கு மூலையில் அப்போது தனி நாடாக இருந்த பகுதி.

அங்கே பாதி விருந்தாளி, பாதி கைதி. பிரிட்டனியின் கோமகனுக்கு ஹென்றி ஒரு துருப்புச்சீட்டு. இங்கிலாந்துடன் பேரம் பேச இந்தப் பையன் தேவை. 1476இல் யார்க் ராஜா நான்காம் எட்வர்ட் பேரத்தைக் கிட்டத்தட்ட முடித்தே விட்டார். ஹென்றியைக் கப்பலேற்ற செயின்ட் மாலோ துறைமுகம் வரை கொண்டுபோய்விட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லித் தாமதப்படுத்திய ஹென்றி, அசந்த நேரத்தில் ஒரு தேவாலயத்துக்குள் புகுந்து அடைக்கலம் கேட்டு உயிர் தப்பினார்.

எந்தக் கதவு எப்போது திறக்கும், யார் எப்போது விற்றுவிடுவார்கள் என்று தெரியாமலே 14 வருடம். பின்னாளில் யாரையும் நம்பாத ராஜா என்று பெயர் எடுத்தார் என்றால், அந்தப் பாடம் இங்கேதான் ஆரம்பித்தது.

1483: எல்லாம் தலைகீழாகிறது

1483 ஏப்ரலில் நான்காம் எட்வர்ட் திடீரென்று இறந்தார். மூத்த மகன் ஐந்தாம் எட்வர்டுக்கு 12 வயது. தம்பி ரிச்சர்டுக்கு 9. பாதுகாவலர் பொறுப்பை ஏற்றவர், அவர்களுடைய சித்தப்பா ரிச்சர்ட்.

சில வாரங்களில் ஒரு புதுச் செய்தி கிளம்பியது. நான்காம் எட்வர்ட் ஏற்கெனவே வேறொரு பெண்ணுக்குக் கல்யாண வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் அவருடைய கல்யாணம் செல்லாது. பிள்ளைகள் யாருக்கும் வாரிசுரிமை இல்லை. சித்தப்பாவே மூன்றாம் ரிச்சர்டாக முடிசூடிக்கொண்டார். 1484இல் இதை நாடாளுமன்றச் சட்டமாகவும் ஆக்கினார். டிட்டுலஸ் ரெஜியஸ் என்று அந்தச் சட்டத்துக்குப் பெயர். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

டவர் கோட்டையில் இருந்த அந்த இரண்டு சிறுவர்கள்? 1483க்குப் பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை. சித்தப்பாதான் கொன்றார் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் உடல்களை யாரும் காட்டவில்லை, யாரும் விசாரிக்கப்படவும் இல்லை. இன்று வரைக்கும் வரலாற்று ஆய்வாளர்கள் சண்டை போடும் விஷயம் இது.

ரிச்சர்ட் மேல் வெறுப்படைந்த யார்க் ஆட்களே இப்போது ஹென்றியைத் தேடி வந்தார்கள். அம்மா மார்கரெட் இங்கே லண்டனில் ரகசியமாகப் பேரம் பேசினார். யாரோடு? காணாமல்போன சிறுவர்களின் அம்மாவோடு. 1483 கிறிஸ்துமஸ் அன்று, பிரிட்டனியின் ரென் நகர தேவாலயத்தில் ஹென்றி சத்தியம் செய்தார்: ராஜாவானால், அந்தச் சிறுவர்களின் அக்கா எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொள்வேன். லான்காஸ்டரும் யார்க்கும் ஒன்றாகும்.

1485 ஆகஸ்ட் 7 அன்று, பெரும்பாலும் பிரெஞ்சுக் கூலிப்படையோடு வேல்ஸ் கரையில் இறங்கினார். இரண்டு வாரம் கழித்து போஸ்வொர்த். ரிச்சர்டின் படை பெரியது. ஆனால் பக்கத்தில் ஒரு மூன்றாவது படை, எந்தப் பக்கமும் சேராமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. அது ஸ்டான்லி சகோதரர்களின் படை. மூத்தவர் தாமஸ், மார்கரெட்டின் அப்போதைய கணவர். அதாவது ஹென்றிக்கு மாற்றாந்தந்தை. ரிச்சர்ட் நேராக ஹென்றியை நோக்கிக் குதிரையில் பாய்ந்து, கொடி பிடித்தவரையே வெட்டிச் சாய்த்த அந்த நேரத்தில், தம்பி வில்லியம் ஸ்டான்லி தன் ஆட்களோடு உள்ளே புகுந்தார். ஹென்றி பிழைத்தார். ரிச்சர்ட் செத்தார். வில்லியம் ஸ்டான்லி என்ற இந்தப் பெயரும் திரும்ப வரும்.

கல்யாணத்தில் இருந்த கண்ணி

இப்போ ஹென்றி ராஜா. அடுத்த வேலை, ஆவணங்களைச் சரிசெய்வது. 1485 நவம்பரில் நாடாளுமன்றம் கூடியது. இந்த நாட்டின் முடியுரிமை ஏழாம் ஹென்றிக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது என்று சட்டம் போட்டது. எதனால் உரியது? அதற்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. சொன்னால் வம்பு. 1407இல் போட்ட அந்த வரியை யாராவது எடுத்துப் படிப்பார்கள்.

1486 ஜனவரி 18 அன்று எலிசபெத்துடன் கல்யாணம். வரிசையைக் கவனிங்க: முதலில் முடிசூட்டு விழா, அப்புறம் நாடாளுமன்றச் சட்டம், அதற்குப் பிறகுதான் கல்யாணம். மனைவியால் ராஜா ஆனார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ராணிக்கு முடிசூட்டியதோ 1487 நவம்பரில்தான்.

ஆனால் எலிசபெத்தைக் கட்டுவதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. டிட்டுலஸ் ரெஜியஸ்படி அவரும் வாரிசுரிமை இல்லாத பிள்ளை. அந்தச் சட்டம் இருக்கும்வரை இந்தக் கல்யாணத்தால் ஹென்றிக்கு ஒரு லாபமும் இல்லை. அதனால் அதை நாடாளுமன்றத்தில் வாசிக்கக்கூட விடாமல் ரத்து செய்தார். பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொன்னார். ஒன்று எப்படியோ தப்பித்ததால்தான் அதில் என்ன இருந்தது என்று நமக்கு முழுசாகத் தெரிகிறது.

இங்கதான் ட்விஸ்ட். எலிசபெத் சட்டபூர்வமான மகள் என்றால், அவருடைய தம்பிகளும் சட்டபூர்வமான மகன்கள். அவர்களில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் அவர்தான் உண்மையான ராஜா. ஹென்றி இல்லை. தன் கல்யாணத்தைப் பலப்படுத்தப் போட்ட அதே கையெழுத்து, காணாமல்போன இரண்டு சிறுவர்களின் உரிமையையும் உயிர்ப்பித்துவிட்டது. அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று நிரூபிக்க அவர் கையில் எதுவும் இல்லை. அடுத்த பதினைந்து வருடமும் இந்த ஓட்டையை அடைப்பதிலேயே போனது.

முதல் போலி: சமையலறைக்குப் போன சிறுவன்

முதலில் வந்தவன் லாம்பர்ட் சிம்னெல். சுமார் பத்து வயதுச் சிறுவன். ஒரு பாதிரியார் அவனுக்குப் பயிற்சி கொடுத்து, இவன்தான் வாரிக் பிரபு எட்வர்ட் என்று அறிமுகப்படுத்தினார். உண்மையான எட்வர்ட் யார்? நான்காம் எட்வர்டின் இன்னொரு தம்பி மகன். யார்க் வம்சத்தின் மிச்சமிருந்த ஆண் வாரிசு. போஸ்வொர்த் முடிந்தவுடனேயே, பத்து வயதில் ஹென்றி அவனைப் பிடித்து டவரில் அடைத்துவிட்டார். குற்றம்? ஒன்றும் இல்லை. பிறந்த குடும்பம்தான் குற்றம்.

1487 மே 24 அன்று டப்ளின் தேவாலயத்தில் சிம்னெலுக்கு 'ஆறாம் எட்வர்ட்' என்று முடிசூட்டியே விட்டார்கள். பணமும் 2,000 ஜெர்மானியக் கூலிப்படையும் கொடுத்தவர் பர்கண்டியின் மார்கரெட். நான்காம் எட்வர்டின் தங்கை. ஹென்றி உண்மையான சிறுவனை டவரிலிருந்து வெளியே கொண்டுவந்து லண்டன் தெருக்களில் எல்லோருக்கும் காட்டினார். காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே அடைத்தார்.

ஜூன் 16 அன்று ஸ்டோக் என்ற இடத்தில் போர். ஹென்றி ஜெயித்தார். பிடிபட்ட சிம்னெலை என்ன செய்தார் தெரியுமா? அரண்மனைச் சமையலறையில் இறைச்சி சுடும் கம்பியைத் திருப்பும் வேலையில் போட்டார். பிற்பாடு அவன் ராஜாவின் வேட்டைப் பருந்துகளைப் பராமரிக்கும் ஆளாக உயர்ந்தான். நேற்றுவரை முடிசூடிய 'ராஜா' இன்று அடுப்படியில் என்றால், அதைவிட நல்ல விளம்பரம் வேறு ஏது?

இரண்டாவது போலி: எட்டு வருடத் தலைவலி

அடுத்தவன் அவ்வளவு சுலபமாக அடங்கவில்லை. 1491இல் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் ஒரு பட்டு வியாபாரியின் இளம் வேலைக்காரன் இறங்கினான். முதலாளியின் சரக்கை உடுத்திக்கொண்டு நடந்த அவனைப் பார்த்து ஊர்க்காரர்கள் இவன் ஏதோ அரச குடும்பத்துப் பிள்ளை என்றார்கள். பெர்கின் வார்பெக் என்பது அவன் பெயர். பின்னாளில் அவனே கொடுத்த வாக்குமூலம் சொல்லும் கதை இது. ஆனால் ஐரோப்பா முழுக்க அவன் சொல்லிக்கொண்ட பெயர் வேறு: டவரில் காணாமல்போன தம்பி, ரிச்சர்ட்.

ஹென்றியைத் தொந்தரவு செய்ய நினைத்த ஒவ்வொரு அரசும் இவனை எடுத்துப் பயன்படுத்தியது. பிரான்ஸ் ராஜா வரவேற்றார். ஹென்றியுடன் ஒப்பந்தம் போட்டதும் வெளியே அனுப்பினார். பர்கண்டியின் மார்கரெட் 'என் அண்ணன் மகனேதான்' என்றார். ஸ்காட்லாந்து ராஜா நான்காம் ஜேம்ஸ் ஒரு படி மேலே போய், தன் உறவுக்காரப் பெண் கேத்தரின் கார்டனையே கட்டிவைத்தார். ஹென்றி கோபத்தில் ஃபிளாண்டர்ஸுடன் துணி வியாபாரத்தையே நிறுத்தினார். ஸ்காட்லாந்துப் போருக்கு வரி போட்டார். அந்த வரியை எதிர்த்து 1497இல் கார்ன்வால் மக்கள் லண்டன் எல்லைவரை படையெடுத்து வந்துவிட்டார்கள்.

இதையெல்லாம்விட ஹென்றியை உலுக்கியது வேறு. சதியில் ஈடுபட்டதாக அவருடைய அரண்மனைக்குள்ளேயே ஒருவர் பிடிபட்டார். வில்லியம் ஸ்டான்லி. ஆமாங்க, போஸ்வொர்த்தில் உயிரைக் காப்பாற்றிய அதே ஸ்டான்லி. அவர் சொன்னதாகச் சொல்லப்படுவது இவ்வளவுதான்: இவன் நிஜமாகவே எட்வர்டின் மகன் என்றால், அவனுக்கு எதிராக நான் ஆயுதம் எடுக்க மாட்டேன். இந்த 'என்றால்' போதும். உயிரோடு இருந்தால் அவன்தான் ராஜா என்று ஒப்புக்கொண்டது மாதிரி ஆயிற்றே. 1495 பிப்ரவரியில் தலை துண்டிக்கப்பட்டது.

அதே 1495இல் ஒரு சட்டம் வருகிறது. நடப்பில் இருக்கும் ராஜாவுக்காகப் போரிடுபவரைப் பின்னாளில் யாரும் துரோகி என்று தண்டிக்கக் கூடாது. ஆரம்பத்தில் பார்த்த அந்தத் தேதி விவகாரத்தை இதோடு வெச்சுப் பாருங்க. பத்து வருடத்துக்கு முன் இவரே செய்த காரியத்துக்கு நேர் எதிரான சட்டம். அப்போது அவர் சிம்மாசனத்தைப் பிடிக்க வந்தவர். இப்போது அதில் உட்கார்ந்திருப்பவர். நாளைக்கு எவன் ஜெயிப்பானோ என்று பயந்து தன் ஆட்கள் விலகிவிடக் கூடாதே!

1497 செப்டம்பரில் வார்பெக் கார்ன்வாலில் இறங்கி, தோற்று, சரணடைந்தான். அவனையும் ஹென்றி முதலில் அரண்மனையில்தான் வைத்திருந்தார். தப்பிக்கப் பார்த்தான், டவருக்குப் போனான்.

அங்கே இன்னும் ஒருவர் இருந்தார். பத்து வயதில் உள்ளே போன வாரிக் பிரபு எட்வர்ட். இப்போது 24 வயது. வெளி உலகமே தெரியாமல் வளர்ந்தவர். 1499இல் இருவரும் சேர்ந்து தப்பிக்கத் திட்டமிட்டதாக வழக்கு. அந்தச் சதியே அரசு விரித்த வலையோ என்ற சந்தேகம் அன்றிலிருந்தே உண்டு. காரணம், அப்போது ஹென்றி தன் மகன் ஆர்தருக்கு ஸ்பெயின் இளவரசி கேத்தரினை முடிக்கப் பேசிக்கொண்டிருந்தார். போட்டி வாரிசு உயிரோடு இருக்கும் நாட்டுக்கு மகளை அனுப்ப ஸ்பெயினுக்குத் தயக்கம். நவம்பர் 23 அன்று வார்பெக் தூக்கிலிடப்பட்டான். நவம்பர் 28 அன்று எட்வர்டின் தலை வெட்டப்பட்டது.

அவருடைய பெயரைச் சொல்லி முடிசூடிய சிம்னெல் அரண்மனையில் சம்பளம் வாங்கிக்கொண்டு உயிரோடு இருந்தான். போலியால் ஆபத்து இல்லை. உண்மையான எட்வர்ட் எந்தப் படையும் திரட்டவில்லை, எந்த உரிமையும் கேட்கவில்லை. அவர் உயிரோடு இருந்ததே ஆபத்து. ஹென்றி கெட்டிக்காரர், நிர்வாகி என்று எவ்வளவு பாராட்டினாலும், இந்தக் கணக்கு அவர் பேரில் அப்படியேதான் நிற்கிறது.

பத்திரத்தில் கட்டிப்போட்ட நாடு

அந்தக் கல்யாணம் 1501 நவம்பரில் நடந்தது. ஐந்தே மாதத்தில் ஆர்தர் இறந்தார். வயது 15. இன்னொரு வாரிசு வேண்டும் என்று ராணி மறுபடி கர்ப்பமானார். 1503 பிப்ரவரி 11, தன்னுடைய 37ஆவது பிறந்தநாளன்று, பிரசவத்துக்குப் பின் எலிசபெத்தும் இறந்தார். அரசியலுக்காக நடந்த கல்யாணம்தான், ஆனால் ஹென்றி உடைந்துபோனார். சில நாட்கள் யாரையும் பார்க்காமல் அறைக்குள்ளேயே கிடந்தார்.

மிச்சமிருந்த ஒரே மகன் சின்னப் பையன். பயம் திரும்ப வந்தது. இந்த முறை அவர் எடுத்த ஆயுதம் பாண்ட் பத்திரம். பிரபுக்களிடம் எழுதி வாங்கிக்கொள்வார்: ராஜாவுக்கு விசுவாசமாக நடக்கத் தவறினால் இவ்வளவு ஆயிரம் பவுண்டு கட்டுகிறேன் என்று. பிரபுக் குடும்பங்களில் பெரும்பாலானவை இப்படி ஏதோ ஒரு கடனில் மாட்டியிருந்தன.

பெர்கவென்னி பிரபுவுக்கு 1507இல் போட்ட அபராதத்தைப் பாருங்க. அனுமதி இல்லாமல் 471 ஆட்களைத் தனிப்படையாக வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. ஆளுக்கு மாதம் 5 பவுண்டு, 30 மாதம். மொத்தம் 70,650 பவுண்டு. யாராலும் கட்ட முடியாத தொகை. கடைசியில் 5,000 பவுண்டை பத்து வருடத் தவணையில் கட்ட ஒப்பந்தம். அதாவது பத்து வருடத்துக்கு அவர் மூச்சு விட முடியாது. அதுதான் நோக்கமே. கணக்குப் புத்தகங்களின் பக்கங்களில் ராஜாவே கையெழுத்துப் போட்டுச் சரிபார்த்திருக்கிறார். வசூல் செய்த எம்ப்சன், டட்லி என்ற இரண்டு அதிகாரிகளின் பெயரைக் கேட்டாலே லண்டன் நடுங்கியது.

1509 ஏப்ரல் 21 அன்று, 52 வயதில் ஹென்றி இறந்தார். களத்தில் இல்லை, சிறையில் இல்லை, சொந்த அரண்மனையில் படுக்கையில். அப்படியும் இரண்டு நாள் அந்த மரணத்தை ரகசியமாக வைத்திருந்தார்கள். 24 வருடம் ஆண்ட பிறகும் அந்த ஒரு நொடியில் என்ன ஆகுமோ என்ற பயம் போகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. 17 வயது மகன் எட்டாம் ஹென்றி, ஒரு வாள்கூட உருவப்படாமல் ராஜா ஆனார். ஊரைக் குளிரவைக்க அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, எம்ப்சனையும் டட்லியையும் கைது செய்தது. அடுத்த வருடம் இருவர் தலையும் உருண்டது.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குப் போனால் ஹென்றியும் எலிசபெத்தும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் வெண்கலச் சிலைகளைப் பார்க்கலாம். செய்தவர் ஃபுளோரன்ஸ் சிற்பி டொரிஜியானோ. இளமையில் மைக்கேலாஞ்சலோவின் மூக்கை உடைத்த அதே ஆள். இத்தாலிய மறுமலர்ச்சிக் கலை இங்கிலாந்துக்குள் நுழைந்த ஆரம்பகால அடையாளங்களில் ஒன்று அந்தக் கல்லறை.

அதே அபேயில், சில அடி தள்ளி, ஒரு சின்னப் பேழையும் இருக்கிறது. 1674இல் டவர் கோட்டையின் படிக்கட்டுக்கு அடியில் கிடைத்த இரண்டு சிறுவர்களின் எலும்புகள் அதில் உள்ளன. காணாமல்போன அந்த இளவரசர்கள் என்று நம்பி அங்கே வைத்தார்கள். அவர்கள்தானா என்று இன்றைக்கும் உறுதியாகவில்லை. ஹென்றிக்கும் கடைசி வரை அது உறுதியாகவில்லை.

இந்த எபிசோட் பிடித்திருந்தால் வரலாறு பிடிக்கும் ஒரு நண்பருக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.